திருகு வைத்த உதைதாங்கிக் கட்டை வாங்கலாமா? துப்பாக்கியின் பின்னுதைப்பு பற்றி ஒரு விவாதம்

1. தேவகோட்டை இளையவர்

அனைவருக்கும் வணக்கம். பக்கத்து ஊரான புதுக்கோட்டையிலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் நின்றதைப் பார்த்த பிறகுதான் இந்த விளையாட்டுக்குள் வந்தேன். முறையான உரிமத்துடன் மேல்கீழ் இரட்டைக் குழல் 12 போர் ரவைத் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறேன். எடை 3.4 கிலோ. எட்டு மாதங்களாக ஞாயிறுதோறும் 100 தோட்டாக்கள் சுடுகிறேன். பெரும்பாலும் 24 கிராம் ரவை கொண்ட தோட்டாதான், அது கிடைக்காதபோது 28 கிராம்.

அறுபதாவது தோட்டாவைத் தாண்டும்போது தோளும் கன்ன எலும்பும் வலிக்கத் தொடங்குகின்றன. விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடிவிடுகிறேன் என்று உடன் சுடும் நண்பர் சொல்கிறார். வலியைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. ஒரு நகரத்துக் கடையில், துப்பாக்கியைத் தோளில் ஊன்றும் கட்டைக்குள் எண்ணெய் உருளை பொருத்தி, வெளியே ஒரு திருகால் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பைக் காட்டினார்கள். அதைப் போட்டால் உதை பாதியாகக் குறைந்துவிடும் என்றும் சொன்னார்கள். விலையோ என் இரண்டு மாதச் சம்பளம். அனுபவமுள்ள பெரியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

2. காரைக்குடி இயந்திரவியல் ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, கடைக்காரர் சொன்ன ‘பாதி’ எதில் பாதி என்பதை முதலில் பிரித்துப் பார்ப்போம். உங்கள் துப்பாக்கியையே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

24 கிராம் ரவை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொண்டால் அதன் உந்தம் 9.6 அலகு. ரவையைச் சுமந்து செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம் ஏறக்குறைய 2.5 கிராம் என்பதால் அதற்கு ஒரு அலகு. மருந்து 1.4 கிராம்தான் என்றாலும், அது எரிந்து உண்டாகும் வாயு ரவையைவிடப் பல மடங்கு வேகமாகப் பீறிடுவதால் அதற்கு 1.7 அலகு வரை கொடுக்கலாம். ஆக மொத்தம் 12.3. இதே அளவு உந்தத்தைத் துப்பாக்கி பின்னோக்கி வாங்கியே தீர வேண்டும். கட்டைக்குள் எண்ணெய் உருளையையோ ரப்பரையோ வைப்பதால் இந்த எண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையாது. 12.3ஐ 3.4 கிலோவால் வகுத்தால் துப்பாக்கி நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் உங்கள் தோளை நோக்கி வருகிறது. அதன் ஆற்றல் 22 ஜூல்.

குறைக்கக்கூடியது விசையின் உச்சத்தைத்தான். 22 ஜூலை உங்கள் தோள் 2 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினால் சராசரி விசை 1,100 நியூட்டன், அதாவது 112 கிலோ மூட்டை ஒன்று அந்தக் கணத்தில் அழுத்துவதற்குச் சமம். இடையில் ஒரு தாங்கி இன்னொரு ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்தைக் கொடுத்தால், அதே ஆற்றல் மூன்றரை சென்டிமீட்டரில் செலவாகி, விசை 630 நியூட்டனாக இறங்குகிறது. கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. உதை அதே உதைதான், அது நீண்ட நேரத்தில் பரவி வருகிறது.

நம் பக்கத்தில் பனையிலிருந்து நுங்குக் குலையை இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய குலையை அப்படியே விட்டால் காய் சிதறிவிடும். கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை மட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, கைப்பிடியை நழுவவிட்டு நழுவவிட்டு இறக்குவார்கள். குலையின் கனமும் மரத்தின் உயரமும் மாறுவதில்லை. கயிற்றின் உராய்வுதான் ஆற்றலைச் சூடாக மாற்றித் தின்றுவிடுகிறது. சுருள்வில் இப்படிச் செய்யாது. அது வாங்கிய ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே வெறும் சுருள்வில் வைத்த கட்டை, உதைத்த பிறகு துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளிக் கன்னத்தை இன்னொரு முறை உரசும். எண்ணெய் உருளையில் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளை வழியாகப் பிதுக்குவதால் ஆற்றல் வெப்பமாகிறது. துளைவழி ஓட்டத்தில் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும்.

திருகு செய்வது அந்தத் துளையைச் சுருக்குவதும் விரிப்பதும்தான். அளவுக்கு மீறிச் சுருக்கினால் பிஸ்டன் நகராது. கட்டை முழு மரமாகவே நடந்துகொள்ளும், பணம் வீண். அளவுக்கு மீறி விரித்தால் பிஸ்டன் தடையில்லாமல் ஓடி உருளையின் அடியில் போய் முட்டும். அப்போது தோளுக்கு முதலில் மெல்லிய தள்ளலும் உடனே கூரிய அடியும் வந்து, தாங்கி இல்லாத கட்டையைவிட மோசமாக இருக்கும். சரியான இடம் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அது தோட்டாவுக்குத் தோட்டா மாறும். 28 கிராமுக்குப் போனால் ரவையின் எடை ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் உங்கள் 3.4 கிலோ துப்பாக்கியில் பின்னுதைப்பு ஆற்றல் 22லிருந்து 29 ஜூலாகிவிடுகிறது. 24க்குத் திருகிய தாங்கியில் 28ஐச் சுட்டால் அது அடியில் முட்டுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. தாங்கி வாங்குவது பற்றிப் பிறகு பார்க்கலாம். 28 கிராம் தோட்டாவை முதலில் நிறுத்துங்கள். உலகப் போட்டிகளில் டிராப்புக்கு அனுமதித்திருப்பதே 24 கிராம்தான்.

3. ஓய்வுபெற்ற சுபேதார், திருப்பத்தூர்

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்ததும் ராணுவத்தில் நாங்கள் வைத்திருந்த எஸ்.எல்.ஆர். ரைஃபிள் நினைவுக்கு வந்தது. உதையைத் திருகால் சரிசெய்வது புதிய சரக்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த 7.62 துப்பாக்கியின் குழலுக்கு மேலே, எண்கள் பொறித்த ஒரு வளையம் இருக்கும். கேஸ் ரெகுலேட்டர் என்போம். அதைத் திறந்து வைத்தால் குழலிலிருந்து எடுத்த வாயுவில் ஒரு பகுதி வெளியே போய்விடும். மூட மூடப் பிஸ்டனுக்குப் போகும் வாயு கூடும். முழுக்கத் திறந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு ஒழுங்காக வெளியே விழும் வரை ஒவ்வொரு கிளிக்காக மூடி, அதன் பிறகு நம்பகத்துக்காக இரண்டு கிளிக் கூட்டி நிறுத்த வேண்டும் என்பது பாடம். சோம்பல்பட்டு முழுவதுமாக மூடி வைத்தவனுடைய துப்பாக்கியில் உள்பாகம் தேவைக்கு மீறிய வேகத்தில் பின்சுவரில் மோதும். சுடுபவன் தோளில் அது தெரியும், சில ஆண்டுகளில் இரும்பிலும் தெரியும். திருகு ஒன்று கொடுத்தால் அதைத் திருகத் தெரிந்த ஆளும் வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

பிறகு அதற்குப் பதிலாக இன்சாஸ் ரைஃபிள் வந்தபோது உதை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தது போல இருந்தது. அது தோட்டா 5.56ஆகச் சிறுத்ததன் பலன்.

தம்பியின் கண் மூடுவதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். மருந்தில்லாத டம்மித் தோட்டாக்கள் நான்கைந்து வாங்கிக்கொள்ளுங்கள். எதை உள்ளே போடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாமல் நண்பரை நிரப்பச் சொல்லுங்கள். டம்மி விழும்போது குழல் வாய் கீழே குத்தினால், உதை வருவதற்கு முன்பே நீங்கள் அதற்கு எதிராகத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். பத்து டம்மிக்கு எத்தனை முறை குத்துகிறது என்று எழுதி வையுங்கள். எந்தக் கருவியைப் போட்டாலும் அந்த எண் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

4. கானாடுகாத்தான் பெரிய வீடு

எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிய பிரௌனிங் தானியங்கி 12 போர் ஒன்று, அப்பச்சி வழியாக இப்போது என் உரிமத்தில் இருக்கிறது. ஜான் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சுட்டதும் குழலே பூட்டோடு சேர்ந்து பின்னோக்கி முழு நீளமும் ஓடி, பிறகு தனியே முன்னுக்குத் திரும்பும். இந்த ஓட்டத்தை அடக்க, முன்கட்டைக்குள் மறைந்திருக்கும் நீண்ட குழாயின் மேல் ஒரு பெரிய சுருள்வில்லும், பிளவுபட்ட ஒரு வெண்கல உராய்வுத் துண்டும், உள்விளிம்பு சாய்ந்த ஒரு எஃகு வளையமும் இருக்கின்றன. ஆசிரியர் சொன்ன நுங்குக் கயிறு இதேதான்.

இதில் திருகு கிடையாது. வளையத்தை எங்கே வைக்கிறோம் என்பதுதான் சரிசெய்தல். கனமான தோட்டா என்றால் எஃகு வளையம் சுருள்வில்லுக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் வர வேண்டும். சாய்ந்த விளிம்பு வெண்கலத்தைக் குழாயின் மேல் இறுக்கிப் பிடிக்கும். இலேசான தோட்டா என்றால் வளையத்தை அங்கிருந்து எடுத்துச் சுருள்வில்லின் பின்பக்கம், உடற்பகுதியை ஒட்டிச் செருகி வைக்க வேண்டும். வெண்கலம் தளர்ந்து குழல் எளிதாக ஓடும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதை யோசித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்பு துப்பாக்கியைச் சுத்தம் செய்ய ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தோம். அவர் கழற்றி மாட்டும்போது வளையத்தைப் பின்பக்கம் வைத்துவிட்டார். அப்பச்சி அது தெரியாமல் சோதனைக்காகக் கனமான தோட்டாக்களைச் சுட்டார்கள். வழக்கமாகக் கேட்கும் ஓசைக்குப் பிறகு, மரத்தில் சுத்தியல் விழுவதுபோல இன்னொரு ஓசை தனியாகக் கேட்டது. நான்காவது தோட்டாவில் அக்ரூட் (வால்நட்) மர முன்கட்டை விரலளவு நீளத்துக்குப் பிளந்தது. கழற்றிப் பார்த்தபோது வெண்கலத் துண்டின் உள்பக்கம் தேய்மானமே இல்லாமல் பளபளவென்று இருந்தது. அது எதையும் பிடிக்கவேயில்லை. அந்த விரிசலைக் கெட்டியாக ஒட்டி வைத்திருக்கிறோம், இன்னும் விரல் வைத்தால் தட்டுப்படும். தம்பி, தவறாக வைத்த சரிசெய்தல் எதுவும் இல்லாததைவிடக் கெடுதல் என்று ஆசிரியர் எழுதியது எங்கள் வீட்டில் நடந்த கதை.

5. பள்ளத்தூர் பத்து மீட்டர்

நான் காற்றுத் துப்பாக்கி சுடுபவள். ஆசிரியர் ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை, ஆனால் விவாதம் ஜூலிலேயே நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். எங்கள் குண்டு அரை கிராம் சொச்சம்; வேகம் நொடிக்கு 170 மீட்டர்; துப்பாக்கி 5 கிலோ அளவு. பின்னுதைப்பு வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான். குழந்தையின் தோளுக்குக்கூட வலிக்காத உதை அது. அப்படியிருந்தும் உயர்நிலைப் போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் அதிர்வைத் தாங்க ஒரு தனி அமைப்பு வைக்கிறார்கள். சுடும் கணத்தில் ஒரு சிறு எடை எதிர்த்திசையில் நகர்ந்து அசைவைச் சமன்செய்கிறது. குறிமுள் இலக்கிலிருந்து துள்ளாமல் இருப்பதற்காகத்தான் அது.

இதைவிடப் பழைய சுருள்வில் காற்றுத் துப்பாக்கிகளில் பாடம் இன்னும் தெளிவாக இருக்கிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு வரும். பிஸ்டன் முனையில் அழுந்தி நிற்கும்போது துப்பாக்கி முன்னுக்கு இழுபடும். குண்டு குழலை விட்டு நீங்கும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஃபைன்வெர்க்பாவ் 300இல் குழலும் உருளையும் தண்டவாளத்தின் மேல் சறுக்குவது போலக் கட்டையின்மேல் தனியே பின்வாங்கும், கட்டை அசையாது. டயானா நிறுவனம் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிராக ஓடவிட்டு ஒன்றை ஒன்று சமன்செய்ய வைத்தது. இரண்டும் தோளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆகவே தேவகோட்டை அண்ணனுக்கு நான் கேட்க விரும்புவது இது: முதல் பத்துத் தோட்டாக்களிலேயே கண் மூடுகிறதா, வலி வந்த பிறகுதான் மூடுகிறதா? முதலிலேயே என்றால் சிக்கல் பயிற்சியில் இருக்கிறது. எந்தக் கட்டையும் அதைத் தீர்க்காது.

6. தேவகோட்டை இளையவர்

தங்கை கேட்டது நல்ல கேள்வி. முதல் இருபதில் மூடுவதில்லை, வலி வந்த பிறகுதான். இன்னொரு ஐயம். குழல் வாயருகே துளையிட்டு வாயுவை மேலேயும் பின்னேயும் திருப்பினால் உதை குறையும் என்று ஒருவர் சொல்கிறார். அது கட்டைத் தாங்கியைவிட மலிவு என்கிறார். பாதரசம் நிரப்பிய குழாயைக் கட்டைக்குள் செருகுவது பற்றியும் சொன்னார்.

7. காரைக்குடி இயந்திரவியல் ஆசிரியர் (ஓய்வு)

துளையிடுவது வாயுவின் பங்கை மட்டுமே தொடும். உங்கள் 12.3 அலகில் வாயுவின் பங்கு 1.7, அதாவது 14 சதவீதம். அது முழுவதையும் பக்கவாட்டில் திருப்பினாலும் உங்களுக்குக் குறைவது அந்த 14 சதவீதம்தான். சுபேதாரின் எஸ்.எல்.ஆரில் குண்டு 9.3 கிராம், வேகம் நொடிக்கு 838 மீட்டர், மருந்து 3 கிராம் அளவு. அங்கே வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றை நெருங்குகிறது. ஆகவே ரைஃபிளுக்கும் பீரங்கிக்கும் குழல்வாய்த் தடுப்பு பொருத்தமானது. உங்களுக்கோ பலன் சிறிது, பக்கத்தில் நிற்பவர் காதுக்கு வேதனை பெரிது. அதற்கு மேல், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் பெற்றவர் வேண்டும். குழலில் துளைபோடும் பேச்சே வேண்டாம்.

பாதரசக் குழாய் என்பது பெரும்பாலும் எடை செய்யும் வேலை. 400 கிராம் கூடினால் துப்பாக்கி 3.8 கிலோவாகி, ஆற்றல் 22லிருந்து 20 ஜூலாக இறங்கும். ஈயத் துண்டு வைத்தாலும் இதே பத்து சதவீதம் கிடைக்கும். குழாய்க்குள் பாதரசம் தாமதமாகப் பின்தங்கி ஓடுவதால் உச்சம் சற்றுத் தள்ளிப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது பெரிய அளவு அல்ல. பாதரசம் நச்சு என்பதால், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எனக்கு அது உடன்பாடில்லை.

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் திருமயம் கோட்டைக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். உச்சியில் பீரங்கி நிற்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கி சுட்டதும் வண்டியோடு பின்னுக்கு உருண்டுவிடும். ஆட்கள் தள்ளிக் கொண்டுவந்து மறுபடி குறிபார்க்க வேண்டும். அங்கே அது உருண்ட தூரம்தான் தாங்கி. பிரான்சின் 75 மில்லிமீட்டர் பீரங்கி 1897இல் வந்தபோதுதான் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, குழல் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் பின்வாங்கி, எண்ணெய் தடுக்க, அழுத்திய காற்று மறுபடி முன்னுக்குத் தள்ளும் ஏற்பாடு முழுமை பெற்றது. நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு சுட முடிந்தது அதனால்தான். உங்கள் கடைக்காரர் காட்டிய உருளை அதன் பேரன்.

8. சிங்கப்பூர்வாழ் கொத்தமங்கலத்தான்

சிங்கப்பூரில் தேசிய சேவையின்போது அல்டிமேக்ஸ் 100 சுமந்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 5 கிலோவுக்குக் குறைவான இயந்திரத் துப்பாக்கி. தொடர்ந்து சுட்டாலும் கையில் நீர்க்குழாயைப் பிடித்திருப்பது போல ஒரே சீரான தள்ளல்தான் இருக்கும். அதை வடிவமைத்த ஜேம்ஸ் சல்லிவன், உள்பாகம் ஓடும் பாதையை நீட்டி, சுருள்வில்லே அதை முழுவதுமாக நிறுத்தும்படி செய்தார். பின்சுவரில் மோதலே கிடையாது. கானாடுகாத்தான் அண்ணன் வீட்டில் கேட்ட அந்த இரண்டாவது சுத்தியல் ஓசையைத்தான் அவர் அடியோடு நீக்கினார். திருகு வைக்காமலேயே தூரத்தைக் கொடுத்துத் தீர்த்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

9. ஓய்வுபெற்ற சுபேதார், திருப்பத்தூர்

எல்லாரும் கருவியைப் பேசிவிட்டோம். தம்பியின் உடம்புக்குக் கட்டை பொருந்துகிறதா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. கட்டை நீளமாக இருந்தால் அது தோள் குழியில் அமராமல் கைத்தசையில் தொங்கும். தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் துப்பாக்கி வேகமெடுத்து வந்து அறையும். கட்டையின் மேல்வரி மிகவும் தாழ்ந்திருந்தால் குழல் மேலே துள்ளிக் கன்னத்தில் இடிக்கும். உங்களுக்குக் கன்ன எலும்பு வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தோளோடு சேர்த்துக் கன்னமும் வலிப்பது எனக்கு உதையைவிடப் பொருத்தத்தைத்தான் காட்டுகிறது. ஒரு படம் எடுத்துப் போடுங்கள், முகம் தெரிய வேண்டாம்.

10. தேவகோட்டை இளையவர்

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சுபேதார் ஐயா சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது. நான் ஒல்லியான உடம்பு, கையும் குட்டை. கட்டை எனக்கு 2 சென்டிமீட்டர் நீளம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, நடுவிலிருந்த இடைத்தகடுகளை எடுத்து, மெத்தென்ற ரப்பர்ப் பட்டையாக மாற்றினோம். கன்னப் பகுதியைச் சற்று உயர்த்தினோம். கட்டையின் குழிக்குள் 300 கிராம் ஈயம். 28 கிராம் தோட்டாவை அடியோடு நிறுத்திவிட்டேன்.

டம்மிச் சோதனையின் கணக்கு: மாற்றுவதற்கு முன், எழுபது தோட்டாக்களுக்குப் பிறகு, பத்துக்கு ஆறு முறை குழல் கீழே குத்தியது. இப்போது அதே எழுபதுக்குப் பிறகு பத்துக்கு இரண்டு.

அதன் பிறகு, திருகு வைத்த தாங்கி உள்ள ஒரு நண்பரின் துப்பாக்கியை அவர் முன்னிலையில் சுட்டுப் பார்த்தேன். முழுவதும் இறுக்கியபோது வேறுபாடே தெரியவில்லை. முழுவதும் தளர்த்தியபோது ஆசிரியர் ஐயா எழுதிய அந்த இரண்டாம் அடி ‘டக்’கென்று தோள் எலும்பில் கேட்டது. நடுவில் ஓரிடத்தில், உதை ஒரு நீண்ட தள்ளலாக மாறியது; உண்மையிலேயே சுகமாக இருந்தது. ஆனால் காலை எட்டு மணிக்குக் கண்டுபிடித்த அந்த இடம், பகல் வெயிலில் துப்பாக்கி சூடேறிய பிறகு தளர்ந்துவிட்டதாகத் தோன்றியது. இது என் மனப்பிரமையா?

11. காரைக்குடி இயந்திரவியல் ஆசிரியர் (ஓய்வு)

மனப்பிரமை இல்லை, தம்பி. எண்ணெய் சூட்டில் இளகும். கூர்விளிம்புத் துளையாக இருந்தால் மாற்றம் சிறிது. பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளி வழியாகவும் எண்ணெய் நழுவும் அமைப்பாக இருந்தால் தெளிவாகத் தெரியும். நம் ஊர் சித்திரை வெயிலில் கறுப்புக் கட்டை தொட முடியாத அளவுக்குச் சுடும். வாங்குவதாக இருந்தால் நண்பகலில் சுட்டுப் பார்த்து வாங்குங்கள். திருகு எத்தனை சுற்றில் நின்றது என்பதை, தோட்டாவின் எடையோடும் நேரத்தோடும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அடுத்த மாதம் அந்தக் குறிப்பை இங்கே போட்டால், நான் துளை அளவைக் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.